விலை இறங்கின பி.எம்.டபிள்யூ, விலை இறங்காத பாகங்கள்: பழைய சொகுசு காரைக் காப்பாத்தறது எப்படி?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின கேள்வியை வெச்சுத்தான் முழு எபிசோடும். அவருக்கு ஊர் கே.ஜி.கண்டிகை. திருத்தணியிலேர்ந்து சோளிங்கர் போற ரோட்டுல இருக்கற ஊர். அவர் கேக்கறது இதுதான்: "சென்னையில 2009 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி ஒண்ணு விலைக்கு வருது. புதுசா ஒரு சின்ன கார் வாங்கற விலையை விடக் கம்மி. ஓட்டிப் பார்த்தேன், மனசு அதுலயே நிக்குது. வீட்டுல வேண்டாங்கறாங்க. எங்க ஊர்ப் பக்கம் இந்தக் காரைத் தொடத் தெரிஞ்ச மெக்கானிக் இல்ல. வாங்கலாமா? வாங்கினா எப்படிக் காப்பாத்தறது?"

நல்ல கேள்வி. இது அவர் ஒருத்தரோட கேள்வி மட்டும் இல்ல. பழைய பென்ஸ், ஆடி, பி.எம்.டபிள்யூ பார்த்து ஆசைப்படற எல்லாருக்கும் இதே குழப்பம்தான். பொறுமையா ஒவ்வொண்ணா பார்ப்போம்.

இவ்வளவு மலிவா ஏன் கிடைக்குது?

செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை 2007 மார்ச்சுல திறந்தாங்க. அங்க முதல்ல கட்டின கார் 3 சீரிஸ். 'ஈ90'னு சொல்ற அந்தத் தலைமுறை. அப்புறம் 5 சீரிஸ், 'ஈ60'. அதனால இன்னைக்கு நம்ம ஊர்ல விலைக்கு வர்ற பழைய பி.எம்.டபிள்யூ நிறைய, சென்னைக்குப் பக்கத்துலயே பூட்டின கார்கள். அதுல முதல்ல வந்ததுக்கெல்லாம் இப்ப பதினஞ்சு வயசைத் தாண்டிடுச்சு.

புதுசுல பல லட்சம் கொடுத்து வாங்கின காரு. காலம் போகப் போக விலை இறங்கிடுச்சு. ஆனா அதுக்குள்ள இருக்கற ஒரு வாட்டர் பம்ப், ஒரு கியர்பாக்ஸ், ஒரு ஹெட்லைட் இதோட விலையெல்லாம் இறங்கல. அது இன்னும் அந்தப் பெரிய காரோட விலையிலதான் இருக்கு. இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கங்க: நீங்க வாங்கறது சின்ன காரோட விலைக்கு, பராமரிக்கப் போறது பெரிய காரோட செலவுல. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுத்தான் பலர் ஆறே மாசத்துல காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிடறாங்க.

அப்போ தப்பிக்கற வழி இல்லையா? இருக்கு. ரெண்டு பழக்கம் வேணும். ஒண்ணு, உடையற சாமானை உடையறதுக்கு முன்னாடியே மாத்தறது. இன்னொண்ணு, கோளாறு வந்தா கண்டுபிடிச்சிட்டு மாத்தறது, மாத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கறது இல்ல.

வயசாகறது எது?

"லட்சம் கிலோமீட்டர்கூட ஓடல சார்"னு விக்கறவர் சொல்வார். அது நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனா இரும்புதான் கிலோமீட்டரால தேயும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வருஷத்தால கெடும். ஓடினாலும் கெடும், நின்னாலும் கெடும். ஒரு பழைய சொகுசு கார்ல முதல்ல போறது பெரும்பாலும் இன்ஜின் இல்ல. கூலன்ட் போற ஹோஸ், ரேடியேட்டர் பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் டேங்க், ஆயில் கசியாம பிடிச்சு வெச்சிருக்கற கேஸ்கெட், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், வயர் மேல இருக்கற உறை. இதெல்லாம்தான்.

பென்ஸ்லயும் இதே கதைதான். 1990களோட முதல் பாதியில வந்த சில பென்ஸ் பெட்ரோல் கார்கள்ல இன்ஜின் வயரிங் உறை சில வருஷத்துலயே காய்ஞ்சு உதிர ஆரம்பிச்சது. இரும்பு அசையாம இருந்தது, வயர் உதிர்ந்தது. கார் அங்கங்க நிக்கும், ஏன்னே தெரியாது. அந்தக் கார்களைத் தேடி வாங்கறவங்க இன்னைக்கும் முதல்ல கேக்கறது, "வயரிங் மாத்தியாச்சா?"

அதனால வாங்கின முதல் மாசமே, கார் நல்லா ஓடினாலும், பில் இல்லாத ரப்பர் எல்லாம் பழசுன்னு வெச்சுக்கங்க. முந்தின ஓனர்கிட்ட "மாத்தியாச்சு"ங்கற வார்த்தை வேண்டாம், பில்லைக் கேளுங்க. பில் இல்லன்னா மாத்தலைனுதான் அர்த்தம்.

திருத்தணி வெயிலும் கூலிங் சிஸ்டமும்

இப்போ ஊருக்கு வருவோம். கோடையில தமிழ்நாட்டுல எங்க வெயில் அதிகம்னு பேப்பர்ல பட்டியல் போட்டா, அதுல திருத்தணி அடிக்கடி இருக்கும். 40 டிகிரியைத் தாண்டறது அங்க புதுசு இல்ல. அந்த வெயில்ல ஏசி போட்டு, அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு, திருத்தணி பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல ஊர்ந்து போறப்பதான் ஒரு கூலிங் சிஸ்டத்துக்கு உண்மையான பரீட்சை.

இதுல ஈ90 கார்ல ஒரு சிக்கல். டேஷ்போர்டுல கூலன்ட் சூடு காட்டற முள்ளே கிடையாது. பழைய அம்பாசிடர்ல முள் ஏற ஏற நாம பார்த்துக்கிட்டே இருப்போம், ஓரங்கட்டுவோம். இதுல எச்சரிக்கை விளக்கு வர்றப்போ விஷயம் கை மீறிப் போயிருக்கும். அதனால சின்னதா ஒரு ஓ.பி.டி. புளூடூத் அடாப்டர் வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற போர்ட்ல சொருகி, போன்ல சூட்டைப் பார்த்துக்கங்க. சின்ன செலவு, பெரிய காவல். உங்க கார் சாதாரணமா ஓடறப்போ எந்த எண் காட்டுதுன்னு ரெண்டு வாரம் கவனிங்க. சில பெட்ரோல் மாடல்கள் 100க்கு மேலயும் சாதாரணமா ஓடும், பயப்பட வேண்டாம். டீசல் 320டி-யில இதுக்கு நேர் எதிரான நோயும் வரும். தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலயே மாட்டிக்கிட்டு, இன்ஜின் சூடே ஆகாம 70 டிகிரி பக்கமே ஓடும். மைலேஜ் குறையும். கார் நிக்காததால யாரும் கவனிக்க மாட்டாங்க.

கூலிங்ல மாத்த வேண்டியது என்னென்ன? எக்ஸ்பான்ஷன் டேங்க், அதோட மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். இதை ஒரு தடவையில சேர்த்துச் செய்யுங்க. ஒவ்வொண்ணா உடைய உடைய மாத்தினா, ஒவ்வொரு தடவையும் கூலன்டைக் கொட்டணும், ஒவ்வொரு தடவையும் லேபர் கொடுக்கணும், ஒவ்வொரு தடவையும் ரோட்டுல நிக்கணும். 325ஐ, 530ஐ மாதிரி ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார்ல வாட்டர் பம்ப் பெல்ட்ல ஓடறது இல்ல, மின்சாரத்துல ஓடுது. சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லாது. ஒரு நாள் திடீர்னு நின்னுடும். அந்தக் கார் வெச்சிருக்கறவங்க பம்ப் எப்ப மாத்தினதுன்னு தெரியலைன்னா மாத்திட்டு நிம்மதியா இருக்கலாம்.

இன்னொண்ணு, போர் தண்ணி ஊத்தாதீங்க. நம்ம பக்கம் போர் தண்ணியில உப்பு அதிகம். டீ கெட்டில்ல வெள்ளையாப் படியற அதே உப்பு ரேடியேட்டர் உள்ளயும் படியும். அந்தக் காருக்குன்னு சொன்ன கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. டிக்கியில ஒரு லிட்டர் கலந்தே வெச்சுக்கங்க.

வழியில சூடு ஏறினா: ஏசியை நிறுத்துங்க. ஹீட்டரை முழுசா வெச்சு ஃபேனை ஓட விடுங்க, அது ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். ஓரங்கட்டி இன்ஜினை அணைங்க. மூடியைத் திறக்காதீங்க, சூடா இருக்கறப்போ திறந்தா கொதிக்கற கூலன்ட் முகத்துல அடிக்கும். பச்சைத் தண்ணியும் ஊத்தாதீங்க. "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிடலாம்"னு ஓட்டற அந்த அஞ்சு கிலோமீட்டர்தான் ஹெட்டை வளைக்கும். அந்த செலவு காரோட விலையையே தொட்டுடும். இதுக்கு சாதாரண இன்சூரன்ஸ்ல பணம் கிடைக்காது, ஏன்னா இது விபத்து இல்ல, இயந்திரக் கோளாறு.

320டி வாங்கறவங்க கேக்க வேண்டிய ஒரு சத்தம்

2007 கடைசியிலேர்ந்து 320டி-யில வந்த இன்ஜினுக்கு என்47னு பேர். நல்ல இழுவை, நல்ல மைலேஜ். ஆனா 2011 வரைக்கும் வந்த இன்ஜின்கள்ல டைமிங் செயின் பிரச்சினை உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். நம்ம நேயர் பார்க்கற 2009 மாடல் சரியா அதுக்கு நடுவுல வருது.

டைமிங் செயின்னா என்ன? கீழ சுத்தற கிராங்க்கையும் மேல வால்வைத் திறந்து மூடற கேம்ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்துல இணைக்கற சங்கிலி. அது அறுந்தா தாளம் போயிடும். பிஸ்டன் மேல வர்றப்போ வால்வு திறந்திருக்கும், ரெண்டும் இடிக்கும். அதோட இன்ஜின் கதை முடிஞ்சது. பல கார்கள்ல இந்தச் செயின் முன்னாடி இருக்கும், மாத்தறது கஷ்டம் இல்ல. என்47ல அதைப் பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம் வெச்சிருக்காங்க. மாத்தணும்னா கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கணும். பாகத்தை விட லேபர்தான் அதிகம்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி, ராத்திரி முழுக்க நின்ன காரைக் காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்போ கூட இருங்க. விக்கறவர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. பானட்டைத் திறந்து இன்ஜினோட பின்பக்கம், கண்ணாடி ஓரமா காதை வைங்க. மெதுவா ஆக்சிலரேட்டரை 1500, 2000 சுத்து வரைக்கும் ஏத்தச் சொல்லுங்க. இரும்பு உரசற மாதிரி, சலங்கை குலுங்கற மாதிரி சத்தம் பின்னாடியிலேர்ந்து வந்தா செயின் வேலை காத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அந்த செலவை விலையில கழிக்கணும், இல்ல விட்டுடணும்.

செயின் மாத்தின பில் இருந்தா நல்லது. அதுக்கப்புறமும் ஆயில் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். காரோட கம்ப்யூட்டர் ரொம்ப நீண்ட இடைவெளி சொல்லும். அது புதுக் காருக்கும் குளிர் நாட்டுக்கும் போட்ட கணக்கு. நம்ம புழுதியிலயும் வெயில்லயும் பத்தாயிரம் கிலோமீட்டர் இல்ல ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அப்போ மாத்திடுங்க. டின்ல கம்பெனி சொன்ன தரம் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. இந்த டீசலுக்கு 'லாங்லைஃப்-04'.

"வாழ்நாள் ஆயில்"னு ஒரு கதை

இந்தக் கார்கள் பலதுல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இசட்.எஃப். கம்பெனியோடது, ஆறு கியர். கார் கம்பெனி இதுல இருக்கற ஆயிலை மாத்தவே வேண்டாம், வாழ்நாள் முழுக்க வரும்னு சொல்லிச்சு. ஆனா கியர்பாக்ஸைச் செஞ்ச இசட்.எஃப். கம்பெனியே 80,000லேர்ந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்ல 8 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்கன்னு சொல்லுது. யாரோட 'வாழ்நாள்'ங்கறதுதான் கேள்வி. முதல் ஓனரோட வாழ்நாள்ல சரி. நீங்க மூணாவது ஓனர்.

இதுல கீழ இருக்கற ஆயில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டரும் அதுக்குள்ளயே சேர்ந்து வரும். அதனால பேனையே புதுசா மாத்தணும். அப்புறம் ஆயில் அளவு பார்க்கறது: இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கணும், கியர்பாக்ஸ் ஆயில் சூடு 30லேர்ந்து 50 டிகிரிக்குள்ள இருக்கணும். நம்ம ஊர் மே மாச மத்தியானத்துல காத்தே 40 டிகிரி. வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள ஆயில் 50ஐத் தாண்டிடும். காலையில சீக்கிரம், நிழல்ல, ஸ்கேனர்ல சூட்டைப் பார்த்துச் செய்யற மெக்கானிக்கைத் தேடுங்க. "கண்ணளவுல ஊத்திடலாம் சார்"னா கிளம்பிடுங்க.

கார் நின்னு போச்சுன்னா, டிராக்டர்ல கயிறு கட்டி இழுக்காதீங்க. இன்ஜின் ஓடாம சக்கரம் சுத்தினா கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் போகாது. முழு வண்டியையும் மேல ஏத்தற ஃபிளாட்பெட் வண்டிதான் கேக்கணும். கே.ஜி.கண்டிகையிலேர்ந்து சென்னை 100 கிலோமீட்டருக்குக் கிட்ட. அந்த வண்டி வாடகையையும் கணக்குல எழுதி வெச்சுக்கங்க.

பேட்டரி சோர்ந்தா கார் பொய் சொல்லும்

பழைய சொகுசு கார்ல ஒரே நேரத்துல ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங், கியர்பாக்ஸ் நாலு எச்சரிக்கையும் வந்தா, நாலும் ஒண்ணா கெட்டுப் போகல. பெரும்பாலும் பேட்டரி வோல்டேஜ்தான். டஜன் கணக்குல கம்ப்யூட்டர் இருக்கு, மின்சாரம் குறைஞ்சா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு புகார் எழுதும். முதல்ல மல்டிமீட்டர் எடுங்க. இன்ஜின் அணைச்சு சில மணி நேரம் கழிச்சு 12.6 பக்கம் இருக்கணும். 12.2க்குக் கீழனா பாதி காலி. ஓடறப்போ 14 வோல்ட்டை ஒட்டி இருக்கணும்.

ஈ90, ஈ60 ரெண்டுலயும் பேட்டரி டிக்கியில இருக்கு. புது பேட்டரி போட்டா மட்டும் பத்தாது, "புதுசு போட்டிருக்கேன்"னு காரோட கம்ப்யூட்டர்ல பதியணும். இல்லன்னா பழைய பேட்டரின்னு நினைச்சு சார்ஜ் ஏத்தி, புதுசையும் சீக்கிரம் கெடுத்துடும். வெளியில பேட்டரி கடையில மாத்தறப்போ இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

ரெண்டு நாள் நின்னா பேட்டரி காலியாகுதுன்னா, எதோ ஒண்ணு தூங்காம முழிச்சிருக்கு. எல்லாக் கதவையும் பூட்டி, ஒரு மணி நேரம் விட்டு, எவ்வளவு கரன்ட் போகுதுன்னு கிளாம்ப் மீட்டர்ல அளக்கணும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. அதிகமா இருந்தா ஒவ்வொரு ஃபியூஸா பார்த்து எந்த சர்க்யூட்னு கண்டுபிடிக்கலாம்.

கரும்பும் வேர்க்கடலையும் போடற ஊர்ல இன்னொரு எதிரி எலி. இன்ஜின் சூட்டுக்குள்ள வந்து படுக்கும், வயரைக் கடிக்கும். வாரம் ஒரு தடவை பானட்டைத் திறந்து பாருங்க, ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறந்து பாருங்க. காரை அறுவடை மூட்டைகள் பக்கத்துல நிறுத்தாதீங்க. பத்து நாள் ஒரே இடத்துல நிக்க விடாதீங்க.

மலை ஏறலாம், இறங்கறதுதான் விஷயம்

திருத்தணி முருகன் கோயிலுக்கு மலைப்பாதையில காரை ஏத்தறவங்க கவனிக்க வேண்டியது இறக்கம். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். பழசான ஆயில்ல தண்ணி கலந்திருக்கும். தொடர்ந்து பிரேக் மிதிச்சு சூடு ஏறினா அந்தத் தண்ணி ஆவியாகும், பெடல் கீழ போகும், பிரேக் பிடிக்காது. அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாத்தியே ஆகணும், காரு ஓடினாலும் ஓடாட்டாலும். இறங்கறப்போ கியர் லிவரை இடது பக்கம் தள்ளி, மேனுவல்ல கீழ் கியர்ல வெச்சு இறங்குங்க.

டயர் பூ நல்லா இருக்கலாம், வயசு? பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ஆறு வருஷத்தைத் தாண்டினா ஹைவேல நம்பாதீங்க. இந்த பி.எம்.டபிள்யூ பலதுல ஸ்டெப்னி கிடையாது, காத்து இல்லாமயும் கொஞ்ச தூரம் ஓடற ரன்-ஃபிளாட் டயர். சாதாரண டயருக்கு மாத்தியிருந்தாங்கன்னா டிக்கியில காத்தடிக்கற மிஷினும் பஞ்சர் கிட்டும் கட்டாயம்.

இதைவிட முக்கியமானது ஏர்பேக். டகாட்டா கம்பெனி செஞ்ச ஏர்பேக்குகளை உலகம் முழுக்கப் பல கார் கம்பெனிகள் திரும்பப் பெற்றாங்க. 3 சீரிஸ் கார்களும் அதுல உண்டு. உள்ள இருக்கற ரசாயனம் வெப்பத்துலயும் ஈரப்பதத்துலயும் வருஷக்கணக்கா இருந்து கெட்டுப்போய், விபத்துல வெடிக்கறப்போ உலோகத் துண்டு பறக்கும். நம்மது வெப்பமும் ஈரமும் உள்ள ஊர். 17 இலக்க சேசிஸ் நம்பரை டீலர்கிட்ட கொடுத்து, இந்த வேலை முடிஞ்சதான்னு கேளுங்க. பாக்கி இருந்தா இலவசமா மாத்தணும்.

கோளாறைக் கண்டுபிடிக்கற வரிசை

ஒரு உதாரணம். மேட்டுல இழுக்க மாட்டேங்குது, கறுப்புப் புகை வருது. ஸ்கேன் பண்ணினா "டர்போ அழுத்தம் குறைவு"னு கோட். உடனே "டர்போ போச்சு, மாத்திடலாம்"ங்கறாங்க. நிறுத்துங்க. கோட் சொல்றது அழுத்தம் குறையுதுன்னு மட்டும்தான். ஏன் குறையுதுன்னு சொல்லல.

மலிவானதுலேர்ந்து ஆரம்பிங்க. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா? டர்போவிலேர்ந்து இன்டர்கூலருக்குப் போற ரப்பர் பைப்ல வெடிப்பு, ஆயில் ஈரம் இருக்கா? வேக்குவம் டியூப் காய்ஞ்சு கழண்டிருக்கா? இ.ஜி.ஆர். வால்வு கரி பிடிச்சுத் திறந்தே நிக்குதா? சென்சார் அழுக்கா? புகை அடிச்சு லீக் கண்டுபிடிக்கற ஸ்மோக் டெஸ்ட் பண்ணினா பாதி கேள்விக்குப் பதில் கிடைச்சிடும். ஒரு ரப்பர் பைப்புல முடியற வேலைக்கு ஒரு டர்போ வாங்கிப் போட்டு, அப்புறமும் புகை நிக்காம திரும்பி வர்றதுதான் இந்தக் கார்கள்ல நடக்கற பெரிய நஷ்டம்.

ஏர் சஸ்பென்ஷன் இருக்கற பழைய எஸ் கிளாஸ் பென்ஸுக்கும் இதே முறைதான். காலையில ஒரு மூலை இறங்கி நிக்குதுன்னா, சோப்புத் தண்ணி தெளிச்சுக் குமிழி வர்ற இடத்தைப் பாருங்க. ஏர் பை லீக்கை விட்டுட்டு கம்ப்ரசரை மட்டும் மாத்தினா, புது கம்ப்ரசரும் ஓயாம ஓடி எரிஞ்சு போகும்.

மெக்கானிக்கிட்ட நாலே கேள்வி கேளுங்க. என்ன கோட் வந்தது? அதை எப்படி உறுதி பண்ணினீங்க? இந்தப் பாகம் மாத்தியும் சரியாகலைன்னா என்ன? பழைய பாகத்தைக் கையில கொடுப்பீங்களா? நல்ல மெக்கானிக் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

பாகம் வாங்கறப்போ, கம்பெனி டப்பாவுல வர்றதையே செஞ்சு கொடுக்கற லெம்ஃபோர்டர், சாக்ஸ், மாஹ்லே, பாஷ் மாதிரி பிராண்டுகள் அவங்க பேர்லயும் வரும், விலை குறையும். சென்னையில ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல புதுசு, புதுப்பேட்டையில பழசு தேடலாம். கதவு கைப்பிடி, கண்ணாடி, சீட் மாதிரி சாமானைப் பழசுல வாங்கலாம். ரப்பர், பம்ப், பிரேக் எதையும் பழசுல வாங்காதீங்க. சேசிஸ் நம்பரோட கடைசி ஏழு இலக்கத்தைக் கொடுத்து, இந்தக் காருக்கு இதுதானான்னு உறுதி பண்ணிக்கங்க.

பேப்பரும் வெள்ளமும்

15 வருஷம் முடிஞ்ச காருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சோதனை பண்ணி ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். அஞ்சஞ்சு வருஷமா கிடைக்கும், பசுமை வரியும் உண்டு. புதுப்பிச்சாச்சான்னு பார்த்துட்டு முன்பணம் கொடுங்க.

டெல்லி கார் மலிவா வரும். அங்க 10 வருஷத்தைத் தாண்டின டீசல் காருக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல தடை போட்டது, 2018ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணிச்சு. அதனால அங்கேர்ந்து தெற்கே நிறைய வருது. என்.ஓ.சி., இங்க மறுபதிவு, தமிழ்நாட்டு சாலை வரி எல்லாம் சேர்த்தா அந்த மலிவு எவ்வளவு மிஞ்சுதுன்னு கணக்குப் போடுங்க.

சென்னை கார்னா வெள்ளத்தைக் கேளுங்க. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் எத்தனையோ கார் முங்கிச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில போல்ட் துரு, கார்ப்பெட் அடியில மண், மூடி வெச்ச ஈர வாசனை, இதுல ஒண்ணு இருந்தாலும் வேண்டாம். தண்ணி பட்ட எலக்ட்ரானிக்ஸ் ரெண்டு வருஷம் கழிச்சும் தொல்லை கொடுக்கும்.

சரி, வாங்கலாமா?

என் பதில் இது. கார் விலையில பாதியைத் தனியா வங்கியில வெச்சிருக்கீங்களா? அதை முதல் வருஷத்துலயே தொட வேண்டி வரும்னு வீட்டுல சொல்லியாச்சா? இந்தக் கார் ரெண்டு வாரம் ஷெட்ல நின்னா, ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் போக வேற வண்டி இருக்கா? சென்னையில டீலரை விட்டா, இந்தக் கார்களையே பார்க்கற தனி ஷெட் ஒண்ணு விசாரிச்சு வெச்சிருக்கீங்களா? நாலுக்கும் ஆமான்னா வாங்குங்க. வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஷெட்லயே ஒரு முழு சோதனை பண்ணிடுங்க. நாலுல ஒண்ணு இல்லன்னாலும், வீட்டுல வேண்டாங்கறவங்க சொல்றதுதான் சரி. கடன் வாங்கி வாங்கற கார் இது இல்ல.

வாங்கிட்டீங்கன்னா ஒரு நோட்டு போடுங்க. தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினது, எந்த பிராண்டு, எவ்வளவு. ஊர்ல மெக்கானிக் இல்லாத ஆளுக்கு அந்த நோட்டுதான் மெக்கானிக்குக்குப் பாதி துணை. விக்கறப்போ அடுத்தவர் கேக்கப்போற பில்லும் அதுல இருக்கும்.

பழைய பென்ஸ், ஆடி வெச்சிருக்கறவங்க உங்க காருக்கு வந்த கோளாறை, சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரோட ரப்பர் பைப்பை என்ன பண்ணுதுன்னு பேசுவோம். அதுவரைக்கும் பார்த்து ஓட்டுங்க.